சுருள் மூக்கை வைத்த இடம்

செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்தது

என் அருமை உப்புத்தாளுக்கு,

உன் கூட்டாளி மூக்கன் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மகளும் மருமகனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கைப்பட என்று எழுதியிருப்பது உண்மைதான். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நூலகத்து மாடியில் புதன், சனி சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. முழுக் கடிதம் எழுத வந்த பிறகுதான் சொல்வது என்று வைத்திருந்தேன். எழுபத்தொரு வயதில் இது என்ன ஆசை என்று நீ கேட்பாய். எல்லாம் உன்னால்தான். போன தடவை போனில் நான் கத்தினேன், நீ கத்தினாய், தெரு முழுக்கக் கேட்டது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. பிறகு உன் மகள் வாங்கி, நான் சொன்னதை உன்னிடம் சொல்லி, நீ சொன்னதை என்னிடம் சொன்னாள். இரண்டு கிழவர்கள் பேச நடுவில் ஒரு ஆள் நின்றால் அது பேச்சா? ஒரு திட்டுகூட வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

மரப் பட்டறையில் நீ முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு போவாய், நான் பின்னால் பாலிஷ் போட்டுக்கொண்டு வருவேன். தேய்க்கிற மெஷின் உன் காதைத் தின்றது. ஸ்பிரிட்டும் வார்னிஷும் என் மூக்கைத் தின்றன. ஒன்றும் முகரத் தெரியாதவனுக்கு மூக்கன் என்று பேர் வைத்த புண்ணியவான் நீதான். கண்ணும் கையும் நமக்கு மிச்சம் இருக்கின்றன. கடிதத்துக்கு அது போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் நாய் சுருளைப் பற்றித்தான்.

போன வருஷம் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது நீ அவன் கயிற்றை என் கையில் கொடுத்து, "பாத்துக்கோடா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அவன் தலையைக்கூடத் தடவவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனில் பேசியிருப்போம், ஒரு தடவையும் நீ அவனைப் பற்றிக் கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறான். மரத்தை இழைக்கும்போது இழைப்புளியில் வந்து விழுகிற சுருளைப் போல அவன் வால் இன்னும் அப்படியே சுருண்டிருக்கிறது.

ஆனால் மூன்று வாரமாக ஒரு புதுப் பழக்கம். என் வீட்டுக்காரி ஜன்னல் ஓரம் தையல் மெஷினில் உட்கார்ந்தால் போதும், எங்கே இருந்தாலும் வந்துவிடுகிறான். வந்து அவள் இடது கைக்குக் கீழே மூக்கைச் செருகுகிறான். முட்டி முட்டித் தள்ளுகிறான். வலது பக்கம் போவதே இல்லை. தையல் கோணிக்கொண்டு ஓடுகிறது. தெருக்கோடி ஆபீஸ் காவல்காரர் ஒருவர் தன் புதுப் பேண்டின் அடியை மடித்துத் தைக்கக் கொடுத்திருந்தார். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "ஏக்கா, ஒரு கால் நீளமாப் போச்சா, இல்ல எனக்கே ஒரு கால் குட்டையா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா?

இடது பக்கம் சுவரை ஒட்டி வருகிற மாதிரி மெஷினைத் திருப்பிப் போட்டோம். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் உடம்பை நெளித்து நுழைந்துவிட்டான். ரவிக்கைத் துணியில் ஏதாவது தின்பண்ட வாசனை ஒட்டியிருக்கிறதோ என்று சோப்பை மாற்றிப் பார்த்தோம். பலிக்கவில்லை. என் மூக்கு லட்சணம் உனக்குத் தெரியும். அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண்ணும் பாவம், குனிந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் மாமா வருது, வேற என்ன வரணும்?" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண் வாசலைத் தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "நாப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு, இப்ப தெருவுல போறவங்களை விட்டு என்னை மோந்து பாக்கச் சொல்றீங்களா?" என்றாள். ஒரு நாள் முழுக்க எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நாளாக அவன் முனகவும் தொடங்கியிருக்கிறான். சோற்றுக்கு முனகுகிற முனகல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. கதவைத் திறக்கத் தெரியாத குழந்தை உள்ளே நின்று அழுகிற மாதிரி இருக்கிறது. அவனைப் பின்பக்கம் கட்டிப்போடுங்கள் என்று அவள் சொல்கிறாள். கட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆறு வருஷம் உன்னோடு இருந்தவன். உன் வீட்டில் யாரிடமாவது இப்படிச் செய்தானா? எப்படி நிறுத்தினாய்? பதில் எழுது. மகளை விட்டுப் போன் பண்ணாதே, கண்டிப்பாகக் கடிதம்தான் வேண்டும். என் பேருக்கு வருகிற முதல் கடிதம் அது. அதை நானே படிக்க வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்காதே. உன் மகள் எல்லாவற்றையும் சொல்கிறாள்.

உன்
மூக்கன்


வெள்ளிக்கிழமை, ஒரே உட்காரலில் எழுதியது

என் உப்புத்தாளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவசரத்தில் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், என் வீட்டுக்காரி உள்ளே உட்கார்ந்து பித்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அதில் என் மடத்தனமும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. தபால்காரர் என் பேரைப் படித்துக் கையில் கொடுத்தார். எனக்கு என்று ஒட்டி வந்த முதல் உறை. உடனே பிரிக்க மனசு வரவில்லையடா. புதன்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோய், எல்லோர் முன்னாலும் பிரித்து, உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தெருவில் மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். வீட்டுக்காரி பிரித்துப் பாருங்கள் என்றாள். "என் லெட்டர், நான் எப்ப வேணா பிரிப்பேன்" என்றேன்.

புதன்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். பஸ் கழுவுகிறவர், கேன்டீனில் சமைக்கிற அம்மா, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர், "மெதுவா, எழுத்துக் கூட்டிப் படிங்க ஐயா, அவசரமே இல்ல" என்றார். நானும் அவசரப்படவில்லை. மூக்கா என்று படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நாயைக் கட்டாதே என்று படித்தேன். பஸ் கழுவுகிறவர், "பலே பலே, சுத்தமா வருது" என்றார். அடுத்த வார்த்தை, இன்றைக்கே. அதற்கு அடுத்தது, அவளை. அதற்கு அடுத்த வார்த்தை நீளமாக இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். ஆஸ்பத்திரிக்கு என்று வந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வார்த்தையைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். யாரும் கை தட்டவில்லையே என்று நிமிர்ந்தேன். கேன்டீன் அம்மா எழுந்து நின்று, "பெரியவரே, இது என்னிக்கு வந்த லெட்டர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மிச்ச வரிகளை நான் படிக்கவில்லை. டீச்சர் வாங்கிப் படித்தார். உன் வீட்டுக்காரி வயிற்றிலும் அவன் இப்படித்தான் மூக்கை வைத்து முனகினான், தொந்தரவு என்று கொல்லையில் கட்டிப்போட்டாய், மூன்று மாதம் கட்டிவைத்தாய் என்று நீ எழுதியிருந்தாய்.

உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, வயிற்றில் கட்டி வந்து போய் இரண்டு வருஷமாகிறது. ஒரு தடவைகூட இதை நீ என்னிடம் சொன்னதில்லை. அவன் தலையைத் தடவாமல் நீ ஏன் கயிற்றை அப்படிக் கொடுத்தாய் என்று அந்த மாடிப்படியில் இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு ஓடினேன். என் ஓட்டம் என்ன ஓட்டம், வேகமாக நடந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன், என் வீட்டுக்காரி முடியாது என்றாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பதினோரு பேண்ட் கிடக்கிறது என்றாள். "நாய் சொல்லுச்சுன்னு போய் நின்னா டாக்டர் என்ன நினைப்பாங்க, இவங்களுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு எழுதி அனுப்பிடுவாங்க" என்றாள். உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் எட்டாவது படித்தவள், ஒரு பார்வையில் படித்துவிட்டாள். தங்கச்சியும் அவளும் எப்படிப் பழகினார்கள் என்று உனக்குத் தெரியும். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். போன மாதம் குளிக்கும்போதே இடது மார்பு ஓரத்தில் கைக்குத் தட்டுப்பட்டதாம். சின்னக் கட்டி, கொண்டைக்கடலை அளவு. வலிக்கவில்லை, தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அ, ஆ எழுதிக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, அதை ஏன் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்" என்றாள்.

நேற்றுக் காலை போனோம். ஒரு நர்ஸ் படிவம் நிரப்பினார். முதலில் கவனித்தது யார் என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில், "எங்க வீட்டு நாய்ங்க" என்றேன். நர்ஸ் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டு, குடும்ப உறுப்பினர் என்று எழுதிக்கொண்டார். அதைத் தலைகீழாக இருந்தே நான் படித்துவிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், ஆனால் நிதானமான ஆள். படம் எடுத்தார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த இரண்டு நாளைப் பற்றியும் கேட்டேன். "ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது தாத்தா, ரெண்டு வருஷம் விட்டிருந்தாதான் கஷ்டம்" என்றார். கேட்ட பிறகும் அந்த இரண்டு நாள் என்னை அறுக்கிறது. இனி எந்தக் கடிதம் வந்தாலும் வாசலிலேயே நின்று பிரித்துவிடுவேன்.

பத்து நாளுக்கு எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன்
மூக்கன்


ஞாயிறு காலை, வெயிலில் உட்கார்ந்து எழுதுவது

என் அருமை உப்புத்தாளுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் மகளிடம் போனில் சொன்னதுதான், ஆனாலும் எழுத்தில் ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசை. அறுவை சிகிச்சை முடிந்து இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். கட்டி கெட்ட கட்டிதான், அதை மறைப்பானேன். ஆனால் சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுவிட்டது, பக்கத்தில் எங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்னார். இனிமேல் கொஞ்ச நாள் கதிர் வைத்தியம், அதற்குப் பிறகு தினம் ஒரு மாத்திரை. நல்லபடியாகவே ஆகும் என்கிறார். வீட்டுக்காரி நேற்று இடது கையைத் தலை வரைக்கும் தூக்கிக் காட்டினாள். இன்றைக்குக் காலையில் தேநீரில் சர்க்கரை கூடிப்போனதற்கு என்னைத் திட்டினாள். காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

இந்த விஷயம் தெருவில் பரவிவிட்டது. ஒரு வாரம் எங்கள் வாசலில் ஆள் வரத்து நிற்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரி வருவார்கள், கண் முழுக்கச் சுருள் மேலேயே இருக்கும். மெதுவாக அவன் பக்கத்தில் போய் நிற்பார்கள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். எலக்ட்ரீஷியன் வந்தபோது மட்டும் அவன் எழுந்து போய் அவர் பேண்டின் வலது பையில் மூக்கை வைத்து எடுக்கவே இல்லை. மனுஷன் வெளிறிப்போய், "அண்ணே, எனக்கு இடுப்புல என்னமோ இருக்குண்ணே" என்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். மறுநாள்தான் அவர் மனைவி பேண்டைத் துவைக்கும்போது அந்தப் பையிலிருந்து அரைப் பொட்டலம் பிஸ்கட்டை எடுத்தாளாம்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார். நாய்கள் இப்படிக் கண்டுபிடித்ததாகப் பல பேர் சொல்கிறார்கள், அதை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள், நம் மூக்குக்கு எட்டாதது அவற்றுக்கு எட்டுகிறது. "ஆனா நாய் பேசாம படுத்திருக்குன்னு யாரும் செக்கப்புக்கு வராம இருந்துடக் கூடாது தாத்தா, அதை உங்க தெருவுல சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இன்னொன்றும் டாக்டரிடம் கேட்டேன். உன்னைக் கேட்காமல் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தங்கச்சியைப் பற்றித்தான். வயிற்றில் மூக்கை வைத்த அன்றைக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அந்த நோய் உள்ளுக்குள் வெகு ஆழமாக ஒளிந்திருக்கும், வெளியே தெரிகிறபோது பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும், பிழைத்திருப்பாளா என்பது தனக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது என்றார் டாக்டர். "வீட்ல உடம்பு முடியாதவங்களை நாய் தொந்தரவு பண்ணா யாரா இருந்தாலும் கட்டத்தான் கட்டுவாங்க. அவங்க தூங்கட்டும்னுதானே கட்டினார்? அவர் மேல தப்பில்லன்னு சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். என் சரக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆனால் என் சரக்கும் ஒன்று இருக்கிறது. நீ வெட்கப்பட்டு மூடி வைத்திருந்ததைத் திறந்து நாலு வரி எழுதினாய் பார், அந்த நாலு வரியால்தான் இன்றைக்கு எனக்குத் திட்டு கிடைத்தது. நாய் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. நீ சொன்னதுதான் புரிந்தது.

உன் இரண்டாவது கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். மூன்றாவது வரியில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்திருந்தது, ஆனாலும் படித்துவிட்டேன். அவனுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய்.

இதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டு நின்றபோதே சுருள் வந்தான். என் கையில் இருந்த காகிதத்தை முகர்ந்தான். எலக்ட்ரீஷியன் பையை முகர்ந்த மாதிரி இல்லை. வால் ஆடவில்லை. அந்த மை கலைந்த இடத்தில் மூக்கை வைத்தான், எடுக்கவில்லை. நான் கையைத் தாழ்த்தினேன். மெல்ல வாயில் கவ்விக்கொண்டு போய், தன் சாக்கின் மேல் போட்டு, அதன் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். பிறகு முனகினான். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று முனகிய அதே முனகல். மூன்று நாளாகிறது, கடிதத்தை இன்னும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

உனக்கு மனசில் எங்கேயோ வலிக்கிறது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு தடவை அவன் சொன்னதைக் கேட்காமல் நாள் கடத்தியவன் நான், இன்னொரு தடவை கடத்த மாட்டேன். உன் மகளுக்கு ஏற்கெனவே போன் பண்ணிவிட்டேன், லீவு எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முன் அறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று. கையைத் தூக்க முடிகிறது என்று காட்டுவதற்காகவே வீட்டுக்காரி தலையணை உறை தைத்து வைத்திருக்கிறாள்.

வந்ததும் அவனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கட்டிலில் உட்கார், கையைத் தொங்கப் போடு, அவன் வருவான். மிச்சத்தை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர் போடுகிற சாக்கில் நான் உள்ளே போய்விடுகிறேன்.

வா, உப்புத்தாளே. சீக்கிரம் வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
மூக்கன்